தேய்த்த முகம்

திருத்தங்கல் பஸ்ஸில் இன்று பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் விரலிடுக்குகளில் அலுமினியப் பவுடர் மின்னியதும், இப்போது அட்டைப்பெட்டிக் குடோனாகிவிட்ட எங்கள் டூரிங் கொட்டகைக்குள் நினைவில் போய்விட்டேன். பட்டாசுக் கம்பெனி விட்டதும் பெண்கள் ஒட்டிய பவுடரோடு நேரே அந்த மணல் தரைக்கு வந்துவிடுவார்கள். திரை வெளிச்சத்தில் அத்தனை முகங்களும் சாம்பல் வெள்ளியாகப் பளபளக்கும். ஒருநாள் ஓடிய படத்தில், கறுப்பென்று ஊரே கேலி செய்த நாயகி ஒரே பாட்டுக்குள் முகம் கழுவி வெளுப்பாக நிமிர்ந்தபோது கொட்டகை முழுக்க விசில்.

"அது என்ன சோப்புடி?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு மாரியக்கா.

"ஏ கோட்டி, அவ பூசுனது மையி. ஒனக்கு ஒட்டுனது கம்பெனிப் பவுடரு, சுடுகாடு வரைக்கும் கூட வரும்" என்றாள் முன்னால் இருந்தவள்.

எல்லோரும் சிரித்தார்கள். மாரியக்கா சிரிக்கவில்லை, மறுநாள் அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

விடிந்ததும் செங்கல் பொடியைத் தேங்காய் நாரில் தொட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வெள்ளி போனது, கன்னத்துத் தோலும் உரிந்தது. சாத்தூரிலிருந்து வந்தவர்கள் அந்தப் புண்ணைப் பார்த்ததும், வெடி விபத்தை மறைக்கிறார்கள் என்று காப்பியைத் தொடாமல் எழுந்தார்கள்.

"தீயில பட்டதில்லங்க, தேச்சதுங்க, நம்புங்க" என்று அக்காவின் அம்மா பின்னாலேயே ஓடினாள். அவர்களுடைய வேன் போன பிறகும், தெருவில் போகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.