பூமாரி பாஸ் போட்ட வீடியோ

பூமாரியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. சுங்குவார்சத்திரம் பக்கத்து ஆலையில் செல்போன் திரைகளைச் சோதிப்பது அவள் வேலை. ஊசிமுனைப் புள்ளி தெரிந்தாலும் ரிஜெக்ட். அந்தத் தொழில்புத்தி விடுதி அறைக்கும் கூடவே வந்துவிடும். சோற்றில் கல், தோழியின் நகப்பூச்சில் கீறல் என்று எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருப்பாள். "ஒன்னையக் கட்டுதவன் பாவம்ட்டி" என்பாள் அறைத்தோழி பாண்டிச்செல்வி.

அதே ஆலையில் வேலை பார்க்கும் பாண்டிச்செல்வி கபடிக்காரி. மதுரையில் ஓர் அணி, அவள் ஆடிய வீடியோவை யூடியூபில் ஏற்றி இன்று மாலைக்குள் லிங்க் அனுப்பச் சொல்லியிருந்தது. அணியில் எடுத்துக்கொண்டால் ஆட்டம்தான் இனி அவள் வேலை. கால் வீங்க லைனில் நிற்க வேண்டாம். இந்த நாள் பார்த்து, காலை ஷிப்ட் முடிந்தும் நிற்கும்படி அவளுக்கு ஓ.டி. போட்டுவிட்டார்கள். வேலை முடியும்வரை போன் ஆலை லாக்கரில்தான் கிடக்கும்.

"நீயே வெட்டி ஒட்டி அனுப்பிரு. ஒன்னைய நம்பித்தான் போறேன்" என்று காலையில் சொல்லிவிட்டுப் போனாள்.

பூமாரிக்கு மதிய ஷிப்ட். வெட்டி ஒட்டுவது சட்டென்று முடிந்தது. ஒட்டியதை ஒரே வீடியோவாக எடுக்கும் எக்ஸ்போர்ட்டில்தான் வந்தது வினை. 1080 தரத்தில் எடுத்துப் பார்த்தாள். வேகமாகப் பாயும் இடத்தில் புழுதி கட்டம் கட்டமாக உடைந்தது. ரிஜெக்ட். படம் துல்லியமாக வர பிட்ரேட்டை ஏற்றினாள், ஓரத்தில் இன்னும் லேசான கறை. ரிஜெக்ட். நொடிக்கு இத்தனை படம் என்கிற ஃபிரேமைக் கூட்டினால் ஆட்டக்காரிகள் வழுக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் அதைவிட உயர்ந்த தரமான 4K-வில் கை வைத்தாள். மைதானத்தில் எடுத்ததே 1080. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஃபைல்தான் ஊதிப் பெருத்தது. போன் தோசைக்கல்லாய்க் கொதித்தது.

"பஸ்ஸு வந்துகினு கீது, இன்னும் இன்னாமா நோண்டிக்கினு கீற?" என்று விடுதி வார்டன் லீலா சத்தம் போட்டாள்.

பஸ்ஸில் ஏறியும் அப்லோடு கால்வாசியைத் தாண்டவில்லை. ஆலை கேட்டைத் தாண்டினால் அவள் போனும் லாக்கருக்குப் போய்விடும். இருக்கையில் நெளிந்தாள், நகத்தைக் கடித்தாள், வட்டம் சுற்றுவதையே பார்த்தாள். பொறுக்கமாட்டாமல் காலையில் முதலில் எடுத்த 1080 வீடியோவைத் திறந்தாள்.

மூன்று பேர் காலைப் பிடித்திழுக்க, பாண்டிச்செல்வி கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டாள். புழுதியோடு எழுந்து சிரித்தாள். பல் வரிசைகூடத் தெளிவாகத் தெரிந்தது. கட்டங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இதையா ரிஜெக்ட் செய்தேன்?

பூமாரிக்குச் சுருக்கென்றது. பாண்டிச்செல்வி மதுரைக்குப் போய்விட்டால் எதிர்க் கட்டிலுக்கு வேறு யாரோ வருவார்கள். ஃபேனுக்குச் சண்டை போட ஆள் இருக்காது, ஏட்டி என்று கூப்பிடவும் ஆள் இருக்காது. குறை வீடியோவில் இல்லை, அனுப்பத்தான் மனசில்லை. நினைக்கவே வெட்கமாக இருந்தது. அடிப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு, 4K-வை நிறுத்திவிட்டு அந்த முதல் வீடியோவை ஏற்றினாள். கேட் வருவதற்குள் ஏறிவிட்டது. லிங்க்கை அனுப்பினாள்.

கேன்டீன் வாசலில் பாண்டிச்செல்வி காத்து நின்றாள். "அனுப்பிட்டியாட்டி?"

"அனுப்பிட்டேன்."

"எதும் கொறை கிறை இருக்கா?"

"ஒண்ணுமே இல்லட்டி" என்றாள் பூமாரி. அப்படிச் சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை. பாண்டிச்செல்வி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தபடி லைனுக்கு நடந்தாள்.