மாரிசெல்வத்தின் முன்சீட்டு

ஜக்கம்மாவுக்கு ஊரில் பொறாமைக்காரி என்றுதான் பெயர். பக்கத்து வீட்டுக்காரி புதுக் குடம் வாங்கினால்கூட இவளுக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்காது. ஆனால் அவள் வயிறு நிஜமாகவே எரிந்தது ஒரே ஒரு இடத்துக்காகத்தான். அது அவள் புருஷன் மாரிசெல்வம் ஓட்டிய ஜீப்பின் முன்சீட்டு.

கம்பத்திலிருந்து மலைமெட்டு ஏறி, ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களைக் கூட்டிப் போகிற ஜீப். பின்னால் எல்லோரும் தூக்குவாளியும் முழங்காலுமாக நசுங்கிக்கொண்டு போவார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் அவன் பெண்டாட்டி உட்காரலாம். அவள் வராவிட்டால் வயதில் மூத்தவள் உட்காரலாம். வேறு எவளாவது உட்கார்ந்தால், தோட்டம் போய்ச் சேர்வதற்குள் ஒரு கதை பிறந்துவிடும்.

ஆடிச் சாரலில் ஜக்கம்மா தோட்டத்துச் சரிவில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். கட்டுப் பிரித்து மறுபடி வேலைக்குப் போன காலையில், முன்சீட்டில் விஜி இருந்தாள். புருஷனை விலக்கிவிட்டு அம்மா வீட்டோடு இருந்த சின்னப் பெண்.

"இறங்குடி" என்றாள் ஜக்கம்மா.

"அவுக சொல்லட்டும், இறங்குறேன்."

மாரிசெல்வம் அழுக்கே இல்லாத கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? நேரே ஊர்க்கூட்டத்தில் போய் நின்றாள். பெரியவர் சின்னச்சாமி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"ஆத்தா, ஆம்பள ஒருக்கா தடுமாறுவான். பொறுத்துப் போ."

"நீங்க பொறுத்துப் போங்க பெரியப்பா. எனக்கு வயிறு எரியுது."

மாரிசெல்வம் எதையும் மறுக்கவில்லை. பிள்ளையும் இல்லை, பிரிப்பது சுலபமாகப் போயிற்று. துரும்பை இரண்டாகக் கிள்ளிப் போட்டு அத்துவிட்டார்கள். தை மாதம் அவன் விஜியைக் கட்டிக்கொண்டு, வேலைக்கே அனுப்பாமல் வீட்டில் உட்கார வைத்தான். தன்னை ஒருநாள்கூட 'நீ வீட்டில் இரு' என்று சொல்லாதவன், அவளை மட்டும் நிழலில் வைத்திருக்கிறானே என்று ஜக்கம்மா வெந்தாள். ஆனாலும் அவன் ஜீப்பில்தான் போனாள். அந்தத் தோட்டத்துக்கு வேறு வண்டி கிடையாது என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னாள். கிடையாதாவது, இன்னும் இரண்டு வண்டி போயின.

அடுத்த காய் எடுப்பு வந்தது. முன்சீட்டில் உட்கார்ந்து வந்த கிழவி ஞானபாக்கியம் மகள் வீட்டுக்குப் போய்விட, சீட்டு காலியாகக் கிடந்தது. ஒருநாள் மெட்டில் டீக்கு நிறுத்தியபோது மாரிசெல்வம் ஜக்கம்மா பக்கத்தில் வந்து நின்றான்.

"வீட்டுல நிம்மதியில்ல ஜக்கம்மா. அவ என்னைய அரிச்செடுக்கிறா. நாளைக்கு முன்னாடி வந்து உக்காரு."

"பாப்போம்" என்றாள். உள்ளுக்குள் பூத்துப் போனாள். ஊர் பேசும் என்று அவளுக்குத் தெரியாதா? பேசட்டும் என்றே இருந்தது.

அன்று சாயங்காலம் விஜி ஜக்கம்மா வீட்டு வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"முன்னாடி யாருக்கா உக்காருறா? நெசத்தச் சொல்லுங்க."

யாருமில்லை என்பதே நிஜம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"இன்னைக்கு வரைக்கும் யாருமில்ல. நாளைலருந்து நாந்தான். அவுகளே கூப்பிட்டாக."

விஜியின் முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்த்த சுகத்தில் ஜக்கம்மாவுக்கு ராத்திரி ஒரு வாய் சோறு கூடவே இறங்கியது.

காலையில் கல்யாண வீடுகளுக்கென்று வைத்திருந்த ஊதாச் சேலையைக் கட்டி, பூ வைத்துக்கொண்டு போனாள். முன்சீட்டில் விஜி இருந்தாள். மடியில் தூக்குவாளி, தாலியை ஊருக்கே தெரியும்படி வெளியே எடுத்துப் போட்டிருந்தாள். மாரிசெல்வம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனிமே நானும் தெனம் வேலைக்கு வாரேன்க்கா. பின்னாடி ஏறுங்க, நேரமாச்சு."

நாமே வாயைக் கொடுத்து அவளை அங்கே உட்கார வைத்துவிட்டோமே என்று ஜக்கம்மாவுக்கு அடிவயிறு பற்றி எரிந்தது. பின்னால் இருந்தவர்கள் சேலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டார்கள். அந்தச் சேலையோடு அன்று பொழுது முழுக்கக் காய் எடுத்தாள்.