ஏழு சிவப்புக் கட்டங்கள்

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை. 5.30க்கு எழுந்தேன். 5.45 பால் விடாத கட்டன் சாயா. 6.00 ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர். 6.10க்குப் போனில் ஓர் அறிக்கை வந்தது... அதோடு அன்றைய ஒழுங்கு போயிற்று.

மகள் திருவனந்தபுரத்தில் கல்லூரி முதலாம் ஆண்டு. ஹாஸ்டல் வாசம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட வேண்டும், நடக்க வேண்டும் என்று கல்லூரி ஓர் ஆன்லைன் பயிற்சி நடத்துகிறது. சாப்பிட்டதைத் தினமும் ஆப்பில் குறிக்க வேண்டும். வாரம் ஒருமுறை வீட்டுக்கும் அறிக்கை வரும்.

காலை உணவுக்கு ஏழு கட்டங்கள். ஏழும் சிவப்பு — ‘உண்ணவில்லை’.

“எங்கிட்ட தினம் சாப்பிட்டேன்னுல்லா சொல்லுதா!” என்றாள் மனைவி.

ப்ளஸ் டூ பரீட்சையின்போதும் மகள் அப்படித்தான் சொன்னாள். பிறகு பரீட்சை ஹாலில் மயங்கி விழுந்தாள்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் இல்லை.

“போனப் பாத்துட்டே நிக்கிய! பஸ்ஸப் பிடிங்க.”

தக்கலையில் 6.50 பஸ். 8.50க்கு ஹாஸ்டல். சொல்லியனுப்பியதும் மெஸ்ஸிலிருந்து எச்சில் கையோடு ஓடி வந்தாள். விரல்களில் புட்டும் பயறும்!

“எப்பா, என்னத்துக்கு இப்படி ஓடி வந்திய? அம்மைக்கு ஒண்ணுமில்லல்லா?”

அறிக்கையைக் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

“போன் சைலன்ட்ல கெடந்துச்சு. இங்க புட்டு, ஆப்பம், இடியாப்பம், மறுபடி புட்டு. இந்தப் போன் ஆப்ப எந்த ஊர்ல செஞ்சானோ... ஓட்ஸ் இருக்கு, போஹா இருக்கு, புட்டு இல்ல. திங்காதத தின்னேன்னு எப்படிப்பா போடது?”

“மத்த பிள்ளைய என்ன செய்யுதாவ?”

“கூட உள்ளவ பரோட்டாவத் தின்னுட்டு சாலட்னு போடுதா. அவளுக்குப் பச்சை ஸ்டார்!”

பட்டியலில் இல்லாததைப் பிசகாமல் காலியாக விட்டிருக்கிறாள்; ஆப் அதை ‘உண்ணவில்லை’ என்று எடுத்துக்கொண்டது. யாருடைய புத்தி? கேட்பானேன்... முப்பது வருடமாக டைரி எழுதும் ஆளின் மகள்.

கையைக் கழுவிவிட்டு வந்து என் போனை வாங்கி, அறிக்கையின் அடிப்பகுதியைக் காட்டினாள். “வீட்ல உள்ள ஒருத்தரும் எங்ககூட சேந்து நடக்கணுமாம். உங்க பேரத்தான் குடுத்தேன். கையில போன் இருந்தா அதுவே எண்ணிக்கிடும். நான் தினம் ஏழாயிரம் ஸ்டெப்பு. உங்களுக்கு ஏழு நாளும் பூஜ்யம். என்னச் சோதிக்க பஸ் ஏறி வந்திருக்கிய!”

சாயா குடித்த நிமிடம் வரை எழுதி வைக்கிறேன். நடந்ததாக ஒரு வரி உண்டா?

ஞாயிறு காலை 5.30. சாயாவுக்கும் முன்னால், குளக்கரை வரை வேகமாக நடந்துவிட்டு வந்தேன். போன் மேஜையிலேயே கிடந்தது.