வலப்பக்கம் மூன்று விஸ் அதிகம்

எங்கள் அரிசி ஆலையின் இன்ஜினியர் துரைக்கு நூறு வருஷம் பின்னால் போய் வாழ ஆசை. அவருடைய பாட்டனாரின் அண்ணன் ஒருவர் அமெரிக்காவுக்கு ஓடிப்போய், மலைகளில் பீவர் என்ற மிருகத்தைக் கண்ணி வைத்துப் பிடித்துத் தோலுரித்து விற்றவராம். சட்டி, துப்பாக்கி, தோல் மூட்டை எல்லாவற்றையும் கோவேறு கழுதைமேல் ஏற்றிக்கொண்டு, குளிக்காமல், சவரம் செய்யாமல் வருஷக்கணக்கில் காட்டிலேயே கிடந்தாராம். ரங்கூனில் அப்படிக் கிடப்பவர்களை முனிசிபாலிடி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். துரையின் ஊரில் அவர்களுக்கு வீரர்கள் என்று பெயர்.

அந்த வீரர் விட்டுப்போன தோல் சட்டை ஒன்று துரையிடம் இருந்தது. கை நெடுகக் குஞ்சம் தொங்கும். அதை மாட்டிக்கொண்டு அவர் வந்து நின்றால், காவடி எடுக்க வந்த யாரோ வழி தவறி ஆலைக்குள் நுழைந்துவிட்டதுபோல் இருக்கும்.

ஜெர்மன் சண்டை முடிந்தபின் ராணுவம் கழித்துக்கட்டிய கோவேறு கழுதைகளில் நாலை அவர் வாங்கி, ரங்கூனுக்கு வடக்கே மாவ்பியில் கட்டியிருந்தார். குளிர்காலம் வந்தால் சிநேகிதர்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, அங்கிருந்து பெகு யோமாக் காட்டுக்குள் எட்டு நாள் போய்விடுவார். விதி ஒன்றுதான்: நூறு வருஷத்துக்கு முன்னால் இல்லாத பொருள் எதுவும் கூட வரக்கூடாது. தீப்பெட்டி கிடையாது, சிக்கிமுக்கிக் கல்தான். டின் பால் கிடையாது. டார்ச் விளக்கு கிடையாது. கொய்னா மருந்து கிடையாது. கொசுவுக்கு மட்டும் அனுமதி உண்டு, அது அப்போதே இருந்ததாம்.

இதெல்லாம் எனக்கு ஒரு தமாஷாக இருந்தது, என் மகன் அதில் சேரும் வரை.

அவனுக்கு இருபது வயது. துரையின் ஆபீசில் நகலெழுதும் வேலை. நானோ அதே ஆலையில் தராசுக் கிராணி. பசுந்தாங் ஓடைக்கரையில் வந்து இறங்கும் மூட்டை ஒவ்வொன்றும் என் கண்முன் எடையாகித்தான் உள்ளே போகும். மூட்டை விஷயத்தில் எனக்கு ஒரு பயமும் கிடையாது. மகன் விஷயத்தில் வேறு எதுவும் கிடையாது. அவன் டிராமில் ஏறினால் டிராம் கவிழும், சம்பானில் ஏறினால் சம்பான் முழுகும், ஒன்றிலும் ஏறாமல் நடந்தால் ஏதாவது ஒன்று அவன்மேல் ஏறும். இருபது வருஷத்தில் அவனுக்கு வரக்கூடிய விபத்துகளை எல்லாம் நான் மனசுக்குள் நடத்திப் பார்த்துவிட்டேன். கோவேறு கழுதை மட்டும் என் பட்டியலில் இல்லை.

துரை அவனுக்குச் சுமை கட்டும் வேலையைக் கொடுத்தார். அமெரிக்க மலையில் போடுகிற முடிச்சாம், மேலே பார்த்தால் வைரம்போல் கட்டம் விழும். மூன்று மாதம் வீட்டில் பயிற்சி நடந்தது.

"அப்பா, தொடாதீங்க. இப்பத்தான் சரியா விழுந்திருக்கு."

"டேய், அது நான் படுக்கிற தலாணிடா."

என் மனைவி த்வாண்டேக்காரி, பர்மியப் பெண். என்னைக் கட்டிய நாளாகத் தமிழைத் தன் இஷ்டத்துக்குப் பேசுகிறவள், என்னை மட்டும் பர்மிய வழக்கப்படி 'கோ' என்று கூப்பிடுவாள். "கோ, அரிசிப் பானையக்கூடக் கட்டி வெச்சிட்டான். சோறு ஆக்கணும்னா இனிமே இவன் ஆபீஸ்லேர்ந்து வரணும்" என்று என்னிடம் சொன்னாள். சொன்னாளே தவிர, அவன் முடிச்சுப் போடும்போது பானையைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் அவள்தான்.

அவனைத் தடுக்க முடியாது என்று தெரிந்தபின், நானும் வருகிறேன் என்று துரையிடம் போய் நின்றேன். அவர் என் தலைப்பாகையையும் குடையையும் ஒரு பார்வை பார்த்தார். அந்தக் காலத்து மலைக்கூட்டத்தில் கூடாரத்தைக் காத்து, தோலைச் சுரண்டி, சமைத்துப்போட ஒருவன் இருப்பானாம். அந்த இடம் காலி என்றார். சைவ வீட்டில் பிறந்து, பர்மியப் பெண்ணைக் கட்டி, இன்னும் ஙாப்பி என்ற மீன் விழுதின் வாசனைக்கே மூக்கைப் பிடிப்பவன் நான். தோல் சுரண்ட ஒத்துக்கொண்டேன். குடை கூடாது என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

குடை வந்தது. அதோடு டின் பால் ஆறு, தீப்பெட்டி ஒரு கட்டு, கொய்னா, அயோடின், விளக்கெண்ணெய், கம்பளிச் சட்டை இரண்டு, என் மனைவி வறுத்துக் கொடுத்த பாலாச்சாங் என்ற இறால் பொடி ஒரு பெரிய டப்பா. எல்லாவற்றையும் குடையைச் சுற்றிப் போர்வையில் சுருட்டி, என் படுக்கை என்று சொல்லி முதுகில் போட்டுக்கொண்டேன்.

மாவ்பியில் எங்களுக்காகக் காத்திருந்தவன் ஒரு பாந்தே. யூனானிலிருந்து கோவேறு கழுதைகளை ஓட்டி வந்து, ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்ட சீன முஸ்லிம். என் வயது இருக்கும். வாயில் இரண்டு தங்கப் பல். துரை எந்த வாழ்க்கையை வேஷம் கட்டி நடித்துப் பார்க்க வந்தாரோ, அதைச் சிறு வயதிலிருந்து வேஷம் இல்லாமல் வாழ்ந்து அலுத்தவன். சிகரெட் பிடித்தான், தீக்குச்சியால். ராணுவத்து டார்ச் விளக்கு ஒன்றை இடுப்பில் சொருகியிருந்தான். சம்பளத்துக்கு வந்தவன் என்பதால் விதி அவனைக் கட்டாது என்று துரை பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

துரை சிக்கிமுக்கிக் கல்லை அரைமணி நேரம் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அவன் பர்மியமும் இந்துஸ்தானியும் கலந்து என்னிடம் கேட்டான்:

"சயாஜி, இவருக்கு வீடு இல்லையா?"

"பெரிய பங்களா இருக்கு."

"பெஞ்சாதி தொரத்திட்டாளா?"

"இன்னும் கல்யாணமே ஆகல."

அவனுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

சுமை கட்டுவதில் அவன் சொன்னவை இரண்டு. முதலாவது, இரண்டு பக்கமும் ஒரே எடை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேணம் கனமான பக்கம் புரளும். இரண்டாவது, பிடிகயிற்றை ஒருபோதும் கையில் சுற்றக்கூடாது. மடித்துப் பிடிக்க வேண்டும், மிருகம் விழுந்தால் விட்டுவிட வேண்டும். என் மகன் இரண்டையும் கவனமாகக் கேட்டான். மூட்டைகளை ஒரு கையில் ஒன்றாகத் தூக்கித் தூக்கிப் பார்த்து, அரைப்படி அரிசியை இங்கிருந்து அங்கே மாற்றி, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தூக்கினான். ஆலையில் எனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் யாரும் அத்தனை சிரத்தையாகப் பார்த்து நான் கண்டதில்லை. பெருமையாக இருந்தது. அதைச் சொல்வதற்குப் பதிலாக, ஏற்றம் தொடங்கும் இடத்தில் அவன் பக்கத்தில் போய், "கயித்தக் கையில நல்லா சுத்திக்கோ. நழுவிடப் போவுது" என்றேன்.

"பாந்தே சுத்தக்கூடாதுன்னாரே?"

"அவனுக்கு என்ன, அவன் புள்ளயா? நான் சொல்றேன், சுத்திக்கோ."

அவன் ஏற்றத்தில் ஏறத் தொடங்கினான். கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான் சொல்லி அவன் கேட்டதாக வீட்டில் சரித்திரமே கிடையாது.

இரண்டாம் நாள் காலையில் துரை எல்லோருடைய படுக்கையையும் பிரித்துப் பார்க்கப் போவதாக அறிவித்தார். நூறு வருஷத்துக்குப் பிந்திய சாமான் எதையோ கூட வந்த ஒரு துரை கொண்டுவந்துவிட்டாராம். பழுப்பு நிறக் கோவேறு கழுதைமேல் மகன் சுமையைக் கட்டி முடித்து, அடுத்ததைக் கட்டப் போயிருந்தான். பாந்தே அதன் இடப்பக்கத்தில் நின்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான். நான் வலப்பக்கமாகப் போய், மேலே மூடியிருந்த கித்தானைத் தூக்கி, என் படுக்கைச் சுருட்டை நீளவாக்கில் உள்ளே திணித்தேன். குடையின் பிடி வெளியே தெரிந்தது. அதையும் அமுக்கினேன்.

முப்பது வருஷமாக எடை பார்க்கிறவன். ஒரு மூட்டையில் அரை விஸ், அதாவது கிட்டத்தட்ட இரண்டு ராத்தல், குறைந்தால் ஆளைக் கூப்பிட்டுக் கத்துகிறவன். அந்தச் சுருட்டு என்ன எடை என்று ஒரு நொடிகூட என் புத்தியில் ஓடவில்லை. மகனுக்கு ஜுரம் வந்தால் கொய்னா கையில் இருக்கும் என்பது மட்டும்தான் ஓடியது.

சோதனை முடிந்து புறப்பட்டோம். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாதை குறுகி, சவுங் என்கிற காட்டோடை ஒன்றின் மேல் சரிவோடு ஒட்டிப் போயிற்று. கீழே ஓடை, இரண்டு பனை ஆழம். சரிவு எங்கள் வலப்பக்கம். பழுப்புக் கழுதையைப் பிடித்துக்கொண்டு மகன் எனக்குப் பத்தடி முன்னால் போனான். அதன் சேணம் மெல்ல வலப்பக்கம் சாய்வதை நான் பார்த்தேன். மூட்டை சாய்வதைப் பார்ப்பதே என் பிழைப்பு. கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் சேணம் வயிற்றுக்கடியில் புரண்டு, கழுதை பக்கவாட்டில் கால் தவறி விழுந்தது.

மகன் கயிற்றை விடவில்லை. விட முடியவில்லை. மூன்று சுற்றுச் சுற்றியிருந்தான். நான் சொன்னபடி.

குப்புற விழுந்து, கையை முன்னால் நீட்டியபடி, இலைகளின்மேல் வழுக்கிக்கொண்டே போனான். கத்தவில்லை. அந்தச் சறுக்கும் சத்தம்தான் கேட்டது. நான் ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. உட்கார்ந்துவிட்டேன். இருபது வருஷமாக இப்படி ஒரு நிமிஷத்துக்காகவே ஒத்திகை பார்த்தவன், பாதையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். பாந்தேதான் சரிவில் பாய்ந்தான். ஒரு மூங்கில் புதரில் மகனின் தோள் சிக்கி நின்ற இடத்தில் அவனை எட்டிப் பிடித்து, இடுப்பிலிருந்த தா என்ற வெட்டுக்கத்தியை உருவிக் கயிற்றை வெட்டினான். கழுதை மட்டும் உருண்டு ஓடைக்குப் போயிற்று. அங்கே எழுந்து நின்று உதறிக்கொண்டு, மூங்கில் இலை தின்னத் தொடங்கியது.

மகனின் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிருந்தது. மணிக்கட்டு வீங்கிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று பாந்தே மூன்று முறை என்னிடம் சொன்னான். மூன்றாவது முறைதான் காதில் விழுந்தது.

துரை ஒரு தோல் பையைத் திறந்து, கரடிக் கொழுப்பைக் காயத்தில் தடவ வந்தார். மலை வீரர்கள் அதைத்தான் தடவுவார்களாம். தடவிக்கொண்டே, சுமையைச் சமமாகக் கட்டவில்லை, அதனால்தான் இது, இனி உன்னிடம் கயிறு கிடையாது என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஆமா சார். நான்தான் சரியாப் பாக்கல" என்றான் என் மகன். கரடிக் கொழுப்புக்குச் சுருங்காத முகம் அப்போது சுருங்கியது. மூன்று மாதம் என் தலையணையையும் அரிசிப் பானையையும் கட்டிக் கட்டிக் கற்றது அது.

எனக்கு ஒரு வழி இருந்தது. பாந்தே முதல் நாளே முணுமுணுத்திருந்தான்: எங்கள் ஊர் மரச்சட்டத்தில் கட்டினால் சுமை தனியாகக் கழன்று விழும், மிருகம் நிற்கும், இவர்கள் கட்டுவதில் இரண்டும் சேர்ந்து விழும் என்று. அதைத் துரையிடம் சொல்லி, பழியை அமெரிக்காவின் மேல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். சொல்லத் தொடங்கவும் செய்தேன். அதற்குள் பாந்தே கழுதையையும் மூட்டைகளையும் ஓடையிலிருந்து மேலே கொண்டுவந்து, வலப்பக்கத்துச் சுமையை என் காலடியில் வைத்தான். "கனமா இருக்கு, சயாஜி" என்றான். குடைப்பிடி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் எழுந்தேன். ஒரு மூங்கிலை வெட்டித் தரச்சொல்லி, நடுவில் கயிறு கட்டிக் கிளையில் தொங்கவிட்டேன். இரண்டு முனையிலும் இரண்டு சுமைகளை மாட்டினேன். வலப்பக்கம் தரையைத் தொட்டது. பிறகு எல்லோரும் பார்க்க என் சுருட்டை உருவி எடுத்தேன். மூங்கில் மெல்ல எழுந்து, இரண்டு மூன்று தரம் ஆடி, ஓடைத் தண்ணீர்போல் மட்டமாக நின்றது. இதைவிடச் சரியான எடையை ஆலைத் தராசில்கூட நான் பார்த்ததில்லை.

"சார், பையன் கட்டினது இது. நான் கட்டினது இது, மூணு விஸ்" என்று சுருட்டைத் துரையின் முன்னால் வைத்தேன்.

அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். குடையை மட்டும் சற்று நேரம் கையில் வைத்துப் பார்த்தார். பாந்தேதான் பேசினான்: "அந்தப் பால் யாருக்கும் வேண்டாம்னா..." தேநீர் போட்டோம். துரையும் ஒரு கிண்ணம் குடித்தார், குஞ்சம் கிண்ணத்துக்குள் விழாமல் பிடித்துக்கொண்டு. அயோடின் போட்டு மகனின் கையைக் கட்டினேன். கை ஆறியதும் கயிறு உன்னுடையதுதான் என்று துரை அவனிடம் சொன்னார். நான் இனிமேல் வரக்கூடாது என்பதையும் அதே மூச்சில் சொன்னார். பிறகு அவனிடம் கேட்டார், சுற்றக்கூடாது என்று சொல்லியும் ஏன் கயிற்றைக் கையில் சுற்றினாய் என்று.

நான் வாயைத் திறந்தேன். மகன் என்னைப் பார்த்தான்.

"மறந்துட்டேன் சார்" என்றான்.

சுருட்டை ஒப்புக்கொண்ட நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. துரைக்கு இன்றுவரை தெரியாது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னேன். "அமலே, உங்க பேச்சக் கேட்டானா?" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

ஒரு வருஷம் ஆகிறது. ஆலையில் மூட்டை அடுக்குச் சரியும் சத்தம் கேட்டால் நான் இப்போதும் உட்கார இடம் தேடுகிறேன். கூலிகள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கென்று ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், தராசுக்குப் பக்கத்தில்.

போன வாரம் அவன் மறுபடி புறப்பட்டான். நான் ரங்கூன் ஸ்டேஷன் வரை போனேன். அதற்குத் தடை இல்லை. உள்ளங்கைத் தழும்பு வெளியே தெரிய ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாவ்பி வண்டிக்கு மணி அடித்தார்கள். சொல்ல வேண்டியவை எனக்கு எட்டுப் பத்து இருந்தன. ஜன்னலுக்குப் பக்கத்தில் போனேன்.

"அப்பா, ஒண்ணும் சொல்லாதீங்க. சொன்னா கேட்டுடுவேன்" என்றான்.

வண்டி நகரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.