வெள்ளைக்காரி பாடிய கோட்டுப் பாட்டு

தொண்ணூற்றொன்றில் எனக்கு ஒன்பது வயது. சுங்குவார்சத்திரத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, சித்தி தன் மாமியாரோடு இருந்தாள். சித்தப்பா குவைத்தில் வெல்டர். அங்கே சண்டை மூண்டதும் கடிதம் நின்றுபோனது. சண்டை முடிந்து, அவரோடு போன இரண்டு பேர் ஊர் திரும்பியும் அவரைப் பற்றித் தகவலே இல்லை. மாமியார் தினமும் பஸ் ஸ்டாப்புவரை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். நான் அவளை ஆயா என்றுதான் கூப்பிடுவேன்.

அந்தக் கோடையில், பக்கத்துக் கம்பெனியில் மிஷின் பொருத்த வந்த வெள்ளைக்காரர் ஒருவர் மனைவியையும் அழைத்து வந்திருந்தார். அந்தம்மா அவர்கள் ஊரில் ஓபரா பாடுகிறவள். பேச்சே இல்லாமல் முழுக்கப் பாடியே நடிக்கிற நாடகம் அது என்றாள் சித்தி.

"நம்ம கூத்து மாதிரியா?" என்று கேட்டேன்.

"கூத்துல நடுவுல கட்டியங்காரன் வந்து சிரிக்க வெப்பான். இதுல அதுகூட கெடையாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மாதா கோயில் கூடத்தில் அந்தம்மா பாடுவதாக ஏற்பாடாயிற்று. சித்தி பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கதையைத் தமிழில் சொல்லும் வேலையைப் பங்குச் சாமியார் அவளிடம் கொடுத்துவிட்டார்.

ஒத்திகைக்கு நானும் போனேன். கடைசிப் பாட்டு, சமீபத்தில் எழுதப்பட்ட ஓபரா ஒன்றில் வருவதாம். வெள்ளைக்காரம்மா ஒரு மழைக்கோட்டைக் கையில் ஏந்திக்கொண்டு மெல்ல ஆரம்பித்தாள். போகப்போகக் குரல் உயர்ந்து, கூரைத் தகட்டில் பட்டு என் காதில் குடைந்தது. கோட்டைத் தள்ளினாள், இழுத்தாள், மறுபடி தள்ளினாள். யாரோ அவளை அடிக்கிறார்கள் என்று நினைத்துப் பயந்துவிட்டேன்.

"இன்னாத்துக்கு சித்தி கத்துறாங்க?"

"புருஷன் கப்பல்ல போனவன். கூடப் போனவங்க அவன் கோட்டை மட்டும் கொண்டாந்து தராங்க. இது அவன் கோட்டு இல்லன்னு பாடுறா."

"அவன் கோட்டுதானே?"

சித்தி கையிலிருந்த கதைத்தாளை மடித்தாள். பிறகு, "செத்துட்டான்னு அவளுக்குத் தெரியும்டி. வாய்விட்டுச் சொல்லத்தான் மனசு வரல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. முதல் பெஞ்சில் ஆயா. கடைசிப் பாட்டு வந்ததும் சித்தி மைக்கைப் பிடித்து, கப்பலில் போன கணவன் என்று தொடங்கினாள். முன்பெஞ்சைப் பார்த்தாள். கொஞ்சம் திணறினாள். "கடைசியில அந்தக் கோட்டைப் போட்டுகினு அவனே வந்து நிக்கிறான்" என்று முடித்துவிட்டாள்.

வெள்ளைக்காரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவள் பழையபடியே கதறினாள். கூடம் குழம்பிப்போயிற்று. "புருஷன்தான் வந்துட்டானே, அப்புறம் ஏன் இப்டி அழுவுது?" என்று என் பின்னால் ஒரு குரல். பாட்டு முடிந்ததும் சாமியாரும் அதையே கேட்டார். "சந்தோஷத்துல, ஃபாதர்" என்றாள் சித்தி.

பொய் சொல்வது பாவம் என்று அந்த வாரம்தான் எங்களுக்கு ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் பெஞ்சின்மேல் ஏறி நின்றேன்.

"சித்தி பொய் சொல்லுது! அந்தாளு வரமாட்டான். செத்துட்டான்!"

அம்மா என்னை இறக்கி அறைந்தாள். உண்மை சொன்னதற்கு அறையா என்று அழுதுகொண்டே வெளியே ஓடினேன். வேப்பமரத்தடியில் ஆயா வந்து என் தோளைத் தொட்டாள்.

"யாரு சொன்னது உனுக்கு?"

"சித்திதான். செத்துட்டான்னு தெரியுமாம். வாய்விட்டுச் சொல்லத்தான் மனசு வரலியாம்."

ஆயா என் கன்னத்தைத் தடவிவிட்டு, "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள். ஒருத்தராவது என்னை நம்பினார்களே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பூசையில், இறந்தவர்களின் ஆன்மா இளைப்பாற வாசிக்கும் பெயர்களோடு, ஆயா கொடுத்திருந்த சித்தப்பா பெயரையும் சாமியார் வாசித்தார். சித்தி விறைத்துப்போனாள். வீட்டுக்கு வந்ததும் ஆயா வெடித்தாள்.

"அந்தக் கொயந்தகிட்ட சொல்லத் தெரிஞ்சிச்சே. இத்தினி நாளா எங்கிட்ட மட்டும் மறைச்சிகினு இருந்தியே!"

சித்தி என்னைப் பார்த்தாள். அது பாட்டில் வந்த கதை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்ல வாயெடுத்தேன். சித்தி வேண்டாமென்று எனக்குத் தலையசைத்துவிட்டு, "மன்னிச்சிக்கங்க அத்த" என்றாள். அதுவரை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைந்து அழுதுகொண்டிருந்த இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு ஒரே தட்டில் சோறு பிசைந்து சாப்பிட்டார்கள். ஆயா பஸ் ஸ்டாப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

ஆடி மாதம், ஒரு பகல் பன்னிரண்டு மணிக்கு, தாடியும் பிளாஸ்டிக் பையுமாகச் சித்தப்பா பஸ்ஸிலிருந்து இறங்கினார். பாஸ்போர்ட், காகிதம் எதுவும் இல்லாமல் வேறொரு நாட்டு முகாமில் கிடந்தாராம். ஆயா மயங்கி விழுந்தாள். தெளிந்ததும் சிரித்தாள், அழுதாள், பிறகு மகனை ஓங்கி ஓர் அடி அடித்தாள். தெருவே திரண்டு வந்தது.

பூசை வைத்த கதையைக் கேட்டதும் சித்தப்பா, "எந்தப் புண்ணியவான்யா என்னைச் சாவடிச்சது?" என்று சிரித்தார்.

ஆயா சித்தியைப் பார்த்தாள். "நான்தான்டா. கெட்ட கனா கண்டேன்" என்றாள். "நானும்தான் கண்டேன்" என்றாள் சித்தி. யாரும் கனவு காணவில்லை என்று சொல்ல நான் கையைத் தூக்கினேன். சித்தி சட்டென்று ஒரு வடையை என் வாயில் திணித்தாள்.

வடையை மென்றுகொண்டே யோசித்தேன். எங்கோ கடலில் செத்துப்போன ஒரு வெள்ளைக்காரனுக்காக எங்கள் வீட்டில் இத்தனை பேர் ஏன் பொய் சொல்கிறார்கள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.