அஞ்சு குதிரைப் பலகை

யேசுதாஸ் ஒரு நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை ஓடும் என்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டால், எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவார். கழற்றிய பிளக்கைக் காகிதத்தில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடுத்த பிறகுதான் புதியதை மாட்டுவார். மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லும் பட்டறைகளுக்கு நடுவில் அது அவருடைய வழக்கம், கர்வமும்கூட.

கீழவாசலில் கைவண்டி இழுத்தவரின் மகன் அவர். மிஷன் தொழிற்பள்ளியில் படித்துவிட்டு எட்டு வருடம் லாரி ஷெட்டில் எண்ணெயில் புரண்டார். எழுபத்து நாலில் அவனியாபுரத்தில் சொந்தப் பட்டறை போட்டபோது, வாசலில் பெயிண்டரை வைத்து எழுதிய பலகை இது: ‘யேசுதாஸ் மோட்டார் ஒர்க்ஸ். டியூனிங் செய்தால் ஐந்து குதிரை சக்தி கூடும்.’ ஐந்து என்பது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. வேலை முடிந்து போகும் வண்டி துள்ளிக்கொண்டு போகும், அந்தத் துள்ளலுக்கு ஐந்து சரியாகத்தான் இருந்தது.

எண்பத்து மூன்று ஆடியில் பைபாஸ் ரோட்டில் ஒரு புதுக் கடை வந்தது. பெயர் மின்னல் டியூனிங். அங்கே பத்துக் குதிரை கூடுமாம். ஒரே மாதத்தில் டாக்ஸி ஸ்டாண்டில் பாதிப் பேர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். இந்த நிலை நீடித்தால் பட்டறையை மூடிவிட்டு மறுபடி யாரிடமாவது கூலிக்குப் போக வேண்டியதுதான்.

ஒன்பது வருடமாக அவரிடமே அம்பாஸிடரை விட்டுவந்த உசிலம்பட்டி வெள்ளைத்துரையும் போனார். போனவர் சும்மா இருக்கவில்லை. நேரே பட்டறை வாசலில் கொண்டுவந்து வண்டியை உறுமவிட்டார்.

“என்ன மாப்ள, கேக்குதா? மிதிக்கவே வேணாம், காலு பட்டாப் போதும், பாயுது. பத்துக் குதிரைன்னா பத்துக் குதிரை!”

யேசுதாஸ் பானெட்டைத் திறந்து குனிந்தார். நிமிர்ந்தபோது சிரித்துவிட்டார்.

“அண்ணே, ஆக்சிலேட்டர் ராடை இடம் மாத்திப் பூட்டியிருக்கான். கால் மிதி மிதிச்சா அரை மிதியா போகுது. முழுசா மிதிச்சா முன்ன எம்புட்டோ அம்புட்டுதான். சைலன்ஸர் உள்ளுக்க இருந்த தகட்டையும் உருவிட்டான், அதான் இந்தச் சத்தம்.”

“பொறாமையில பேசாத.”

“கணவாய்க்குப் போவமா? பருத்திக்கொட்டை மூட்டை ஆறு ஏத்துங்க.”

ஆண்டிபட்டிக் கணவாய் பொய் சொல்லாது என்பது அந்த ரோட்டு டிரைவர்கள் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலை மூட்டைகளோடு ஏறினார்கள். வெள்ளைத்துரை மிதியைத் தரையோடு அழுத்தினார். வண்டி ஊரையே எழுப்பும் சத்தத்தோடு முதல் வளைவைத் தாண்டியது. இரண்டாம் வளைவின் வெள்ளைக் கல்லருகே மூச்சுத் திணறி, மூன்றாவது கியரை விட்டு இரண்டாவதுக்கு இறங்கியது. கீழே திருப்பிக் கொண்டுவந்து, யேசுதாஸ் ரோட்டோரத்திலேயே ராடைப் பழைய இடத்தில் பூட்டினார். மறுபடி ஏறினார்கள். அதே மூட்டை, அதே காற்று, அதே வெள்ளைக் கல். அங்கேதான் மறுபடியும் இரண்டாவது கியர்.

வெள்ளைத்துரை வண்டியை ஓரங்கட்டி இறங்கி அந்தக் கல்லை ஒரு உதை உதைத்தார். யேசுதாஸுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஜெயித்தாகிவிட்டது. ஸ்டாண்டுக்குப் போய் இதைச் சொன்னால் போதும். ஆனால் வாயில் ஒரு கேள்வி வந்து நின்றது. கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டார்.

“அண்ணே, நான் மொதத் தடவ டியூன் பண்ணுறதுக்கு முந்தி இது எங்குட்டு திணறும்?”

“மொத வளைவுக்கு முன்னாடியே.”

“வண்டி புதுசா வாங்குனப்ப?”

வெள்ளைத்துரை யோசித்தார். கல்லைப் பார்த்தார். யேசுதாஸைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

“புதுசுலயும் இதே கல்லுதான்யா! அப்ப நீ எங்கிட்டு அஞ்சு குதிரை ஏத்துன? அவன் சொன்னது பத்துப் பொய், நீ சொன்னது அஞ்சு பொய். அம்புட்டுதான வித்தியாசம்?”

திரும்பி வரும் வழியெல்லாம் யேசுதாஸ் தன் பலகையையே நினைத்துக்கொண்டு வந்தார். பொய் சொல்ல நினைத்து எழுதிய பலகை அல்ல அது. ஆனாலும் ஒன்பது வருடமாக வாசலில் தொங்கியிருக்கிறது. தேய்ந்தும் கரிபிடித்தும் வண்டி இழந்ததைத்தான் அவர் திருப்பிக் கொடுத்திருக்கிறார். கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒரு குதிரையும் அவர் பட்டறையில் பிறந்ததில்லை. அப்படியானால் இத்தனை நாள் செய்த வேலை சின்ன வேலையா? உசிலம்பட்டி தாண்டும்போது அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. கிழடு தட்டிய என்ஜினைப் பிறந்த நாள் பலத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறவன் எதையும் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டறைக்கு வந்ததும் ஏணி போட்டு ஏறினார். பெயிண்டரைக் கூப்பிடாமல், ஐந்து குதிரை வரியை அழித்துவிட்டுத் தானே எழுதினார். எழுத்துக் கோணலாக வந்தது: ‘வண்டி இழந்த குதிரைகள் மீட்டுத் தரப்படும். புதிய குதிரைகள் கிடையாது.’

டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு வாரம் இதே பேச்சு. “கடையில சரக்கு இல்லைன்னு போர்டு வைக்கிற ஒரே ஆளு நம்ம யேசுதாஸ் அண்ணேன்தான்” என்றான் பேச்சிமுத்து என்ற டிரைவர். அந்த வாரம் ஒரு வண்டிகூட வரவில்லை. அவர் மனைவி ஆனிமேரி பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “கோணலா இருந்தாலும் நெசமா இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு டிபன் கேரியரை வைத்துப் போனாள்.

எட்டாம் நாள் தூரத்திலிருந்தே அந்த உறுமல் கேட்டது. வெள்ளைத்துரையின் அம்பாஸிடர் வந்து நின்றது. பின்னால் உசிலம்பட்டி டாக்ஸிகள் இரண்டு.

“கணவாயில நடந்ததை இவய்ங்ககிட்டச் சொன்னேன். சொந்தப் போர்டைத் தானே அழிச்சவன்கிட்டத்தான் வண்டிய விடணும்ன்றாய்ங்க” என்றபடி இறங்கினார். “மொதல்ல இந்தச் சத்தத்தை எடுத்துரு மாப்ள. பத்து நாளா சவாரி வாறவன் பேசுறது ஒண்ணும் காதுல விழல.”

யேசுதாஸ் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தார். என்ஜின் மேல் ஊன்றி, கண்ணை மூடினார்.

“அண்ணே, மூணாவது வால்வு.”

“புதுசா எத்தனை குதிரை?”

“ஒண்ணும் கிடையாது” என்றார் யேசுதாஸ், கண்ணைத் திறக்காமல், பலகை இருந்த பக்கம் கையைக் காட்டி.