காற்று நின்ற நான்கு பகல்கள்

மனைவிக்குக் கண்புரை அறுவை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, எங்கள் குடியிருப்பின் பின்னாலிருக்கும் கழிவுநீர் நிலையத்துக்குப் போனேன். எங்கள் சமையலறைச் சன்னலிலிருந்து நாற்பத்தாறு தப்படி. நாற்பத்தொரு வீட்டுச் சாக்கடையும் அங்கே சுத்தமாகி, ஒரு குழாய் வழியே சங்கராபரணி ஆற்றில் விழுகிறது. தொட்டிக்குள் காற்றை ஊதும் மோட்டார் ஓயாமல் உறுமும்.

"வூட்டுல ஆபரேஷன் ஆனவங்க படுத்திருக்காங்க. பகல்லயாவது நிறுத்துப்பா" என்றேன்.

நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர் தயங்கினார். அந்தச் சத்தத்தைப் பற்றி ஏற்கெனவே மூன்று மனு எழுதியவன் நான். நான்காவதுக்குப் பயந்திருப்பார். "சரி சார்" என்றார்.

நான்காம் நாள் நண்பகலில் நாற்றம் சன்னலுக்கே வந்துவிட்டது. ஓடினேன். அவர் ஒரு கண்ணாடிக் குடுவையைத் தூக்கிக் காட்டினார். அரை மணியில் சேறு அடியில் படிந்து மேலே தெளிந்திருக்க வேண்டிய தண்ணீர் முழுக்கக் கறுப்பாக இருந்தது.

"அழுக்கத் தின்ற பூச்சிங்க செத்துப்போச்சு சார். மோட்டார் காத்துதான் அதுங்களுக்கு மூச்சு."

மறுநாள் தை அமாவாசை. குழாய்க்குக் கீழே, நீரோட்டத்தில் அறுபது தப்படியில் படித்துறை. விடிந்தால் ஊரே அங்கே முழுகித் தர்ப்பணம் கொடுக்கும். அவர் குழாயின் வால்வை மூடியிருந்தார். ஆனால் தொட்டி நிரம்பினால் மேல்திறப்பு வழியாக அதே குழாயில்தான் இறங்கும்.

"டவுன் பிளான்ட்லேருந்து உயிருள்ள சேறு கொண்டாந்து ஊத்தணும், தயிருக்கு ஒற ஊத்துற மாதிரி. அந்த டேங்கரே இந்தக் கறுப்புத் தண்ணிய ஏத்திக்கினு போயிடும். ஆனா நாளைக்கிக் காலைல ஏழு மணிக்குத்தான் வண்டி."

தொட்டிச் சுவரில் இரும்பு ஏணி. தண்ணீருக்கு மேல் ஒன்பது படிகள் தெரிந்தன. ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். ஒரு படி மறைந்தது. இனி எட்டுப் படி; வண்டி வரப் பதினெட்டு மணி நேரம்.

மனைவியிடம் சொன்னேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டாள்: "ஆபரேஷன் கண்ணுல தானங்க, காதுல இன்னா? சத்தம் ஆவாதது உங்களுக்கு. என் பேர ஏன் இழுத்தீங்க?"

வீடு வீடாகப் போனேன். துணி துவைக்க வேண்டாம், தண்ணீரைக் குறைத்து விடுங்கள் என்று கேட்டேன். முதல் இரண்டு வீட்டில் மோட்டார் பழுது என்றேன். மூன்றாம் வீட்டு அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"பழுதா, இல்ல உங்க மனு பலிச்சிச்சா சார்?"

"நான்தாம்மா நிறுத்தச் சொன்னேன்."

அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் அதையே முதலில் சொன்னேன். பகல் தண்ணீருக்குச் சம்மதித்தார்கள். விடியற்காலைக் குளியலில்தான் இடித்தது.

"அமாவாசைக்குத் தலைக்கு ஊத்தாம எப்பிடி சார்? வூட்டக் கழுவாம எப்பிடி?" என்றார் ஒரு வீட்டு அம்மாள்.

"வீட்டை நாளைக்கழிச்சுக் கழுவுங்க. குளிக்க ஆத்துக்கு வாங்க."

"உங்கள நம்பி ஆத்துல எறங்கறதா?" என்று சிரித்தார் அவர் கணவர்.

"முதல்ல நான் இறங்கறேன்."

எழுபத்திரண்டு வயதில் எனக்குச் சளித் தொல்லை. தைக் குளிரில் ஆற்றில் நான் காலைக்கூட நனைப்பவனல்லன்.

காலை ஐந்தரைக்கு ஏணியில் இரண்டு படிகள் மிச்சம். ஆறு மணிக்கு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். ஒவ்வொரு முழுக்குக்கும் எழுந்து குழாய் வாயைத்தான் பார்த்தேன். காய்ந்திருந்தது. மூன்றாம் வீட்டு அம்மாள் துண்டோடு வந்து படியில் நின்றார். "மூக்கப் புடிச்சிக்கினு முழுவுங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தானும் இறங்கினார். பிறகு வரிசையாக வந்தார்கள். வீட்டுக் கணக்காக எண்ணினேன். முப்பத்துநான்கு. ஏழு வீடு வரவில்லை. அந்த ஏழு வீட்டுக் குளியலறைகளும் எனக்குக் கேட்பது போலிருந்தது.

ஏழு மணி ஆயிற்று. வண்டி வரவில்லை. ஏழு இருபத்தைந்துக்குக் குழாய் வாயில் ஏதோ மின்னியது. வெயில்தான். பற்கள் கிட்டித்துக்கொண்டன. கரையேற மனமில்லை.

ஏழு நாற்பதுக்கு டேங்கரின் ஹாரன் கேட்டது. நிலையத்துக்காரர் தொட்டி விளிம்பில் ஏறி நின்று, என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். விரித்த கையா, எல்லாம் போச்சு என்கிறாரா என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை, ஒரே விரல். ஒரு படி மிச்சம்.